ஆல் டெரைன் டயரா, கீழ்வேலையா? வேலூர்ப் பக்கம் ஓடும் எஸ்யூவிக்கு எதில் முதலில் பணம் போடலாம்

"ஸ்கார்பியோ வைத்திருக்கிறேன். டயர் தேய்ந்துவிட்டது. வண்டியும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. ஏடி டயர் போட்டால் இரண்டும் சரியாகிவிடுமா?" வேலூர், குடியாத்தம், ஆரணி, வாணியம்பாடி என்று எந்த ஊரிலிருந்து கேட்டாலும் கேள்வி ஏறக்குறைய இப்படித்தான் வருகிறது. வண்டியின் பெயர்தான் மாறும். ஒருவருக்கு பொலேரோ, இன்னொருவருக்கு ஃபார்ச்சூனர், மற்றவருக்கு எக்ஸ்யூவி700 அல்லது க்ரெட்டா.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏடி எனப்படும் ஆல் டெரைன் டயரை மண்ணிலும் கல்லிலும் பிடிப்புக்காகவும், சீக்கிரம் கிழியாத உறுதிக்காகவும் வாங்க வேண்டும். சொகுசை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பெரும்பாலான வண்டிகளில் ஏடி போட்ட பிறகு குலுக்கல் கொஞ்சம் கூடவே செய்யும். வண்டி தூக்கிப் போடுவதற்கான மருந்து காற்று அளவிலும், ஷாக் அப்சார்பர் எனும் ஷாக்கிலும், ரப்பர் புஷ்களிலும் இருக்கிறது. ஷாக், புஷ் வேலையைத்தான் கீழ்வேலை என்கிறோம். இரண்டு பிரச்சினையையும் ஒரே செலவில் முடிக்கப் பார்ப்பதால்தான் பலர் அரை லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் இருக்கும் பெரியவர்கள் முன்பைவிட அதிகமாக முனகுவதைக் கேட்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், வண்டி எங்கே ஓடுகிறது என்பது. எங்கே ஓட்ட ஆசை என்பதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, போன ஒரு வருடத்தில் உண்மையில் எங்கெல்லாம் ஓடியது என்று யோசியுங்கள். பழைய வட ஆற்காடு மாவட்டம், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், எஸ்யூவி பார்க்கும் சாலை நான்கு வகை.

ஒன்று, தேசிய நெடுஞ்சாலை 48. வாலாஜா, பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் பெங்களூரு பக்கம் போகும் வேகப் பாதை. இரண்டு, ஊருக்குள் இருக்கும் தெருக்கள். சத்துவாச்சாரியோ காட்பாடியோ தொரப்பாடியோ, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளமும், வெள்ளைக் கோடு போடாத வேகத்தடையும் இல்லாத வார்டு அபூர்வம். மூன்று, மலைச்சாலை. 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏலகிரிப் பாதையும், போளூர் வழியாகவோ ஆலங்காயம் வழியாகவோ ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலைகளும் இந்த வகை. நான்காவதுதான் உண்மையான மண்பாதை: ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை வட்டாரத்திலும் ஜவ்வாது மலையின் உள் குக்கிராமங்களிலும் உள்ள தடங்கள், மாந்தோப்புக்கும் கரும்புக் கொல்லைக்கும் போகும் வண்டிப்பாதை, கல் குவாரிச் சாலை, பாலாற்றங்கரை மணல்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. "நான் மாதம் ஒருமுறை மலைக்குப் போகிறேன், அதனால் ஏடி வேண்டும்" என்கிறார்கள். ஏலகிரிக்கும் ஜமுனாமரத்தூருக்கும் தார்ச்சாலையிலேயே போய்விடலாம். தார் போட்ட மலைச்சாலையில் வளைவில் பிடித்து நிற்பதற்கும், இறக்கத்தில் பிரேக் பிடிப்பதற்கும் நல்ல ஹைவே டயர்தான், அதாவது தார்ச்சாலைக்கென்று செய்த சாதாரண டயர்தான், மேல். மலை என்றாலே ஏடி என்பது விளம்பரம் நமக்குப் பழக்கிவிட்ட எண்ணம்.

இரண்டாவது அளவுகோல், மழையில் பிரேக். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்னால் லாரி திடீரென்று நின்றால், உங்கள் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதுதான் டயர் விஷயத்திலேயே எல்லாவற்றையும்விட முக்கியம். இதை விட்டுக்கொடுத்து எந்த அழகும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது குலுக்கல், நான்காவது கல்லில் கிழியாத உறுதி, ஐந்தாவது சத்தமும் மைலேஜும். கடைசியாகப் பணம். பில்லில் எழுதும் பணமும், பிறகு மெல்ல மெல்லக் கையைவிட்டுப் போகும் பணமும் சேர்த்துத்தான் கணக்கு.

இனி வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## வழி 1: ஹைவே டயரிலேயே இருந்து, காற்றையும் கீழ்வேலையையும் சரிசெய்வது

வேலூரில் எஸ்யூவி வைத்திருக்கும் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு இதுவே சரியான வழி என்று நினைக்கிறேன். பார்ப்பதற்குப் புதிதாக எதுவும் தெரியாது என்பதால்தான் இதை யாரும் முதலில் செய்வதில்லை.

காற்றிலிருந்து தொடங்குவோம். டிரைவர் கதவைத் திறந்தால், கதவு பொருந்தும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். காலியாகப் போகும்போது எவ்வளவு, முழு ஆட்களோடு போகும்போது எவ்வளவு என்று முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். பங்க்கில் காற்றடிப்பவர் "பெரிய வண்டி சார்" என்று சொல்லி 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துவிடுவது இங்கே சர்வசாதாரணம். ஸ்டிக்கரில் 33 என்று இருக்கும் வண்டிக்கு 40 வைத்தால், அதற்குப் பிறகு எத்தனை விலையுயர்ந்த ஷாக் போட்டாலும் சின்னக் குழிகூட முதுகெலும்பில் தெரியும். நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேய்வதும் கூடவே வரும்.

வெயில் கணக்கும் உண்டு. டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி சூடானால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது எல்லா வருடமும் நடப்பதுதான். விடியற்காலை அளந்தால் ஒன்று, மதியம் சாலையில் ஓட்டி வந்து அளந்தால் நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதல். அந்தச் சூட்டில் அளந்து "அதிகமா இருக்கே" என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு ஓடுவீர்கள். குறைந்த காற்றும் கொதிக்கும் சாலையும் முழு லோடும் சேர்ந்தால் டயர் வெடிப்பதற்கான எல்லா ஏற்பாடும் ஆயிற்று. அதனால் வண்டி ஆறிய பிறகு, காலையில் அளப்பதே முறை. சில நூறு ரூபாய்க்கு ஒரு காற்று மீட்டர் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள்.

அடுத்து கீழ்வேலை. டயர் கடைக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்து பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் டயரின் பட்டன்கள் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள்) மேல் உள்ளங்கையை வைத்து, டயர் சுற்றும் திசையில் மெதுவாகத் தடவுங்கள். பிறகு எதிர்த் திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பல் பல்லாகவும் தட்டுப்பட்டால், அல்லது ஒரு சாண் இடைவெளியில் மேடும் பள்ளமுமாக வந்தால், டயர் சாலையில் ஒழுங்காக உட்கார்ந்து ஓடவில்லை, துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஷாக் தளர்ந்ததன் அடையாளம் இது. அடுத்துக் குனிந்து ஷாக்கின் உடலைப் பாருங்கள். தூசி லேசாக ஒட்டியிருந்தால் பரவாயில்லை. எண்ணெய் கசிந்து, அதன் மேல் செம்மண் ஈரமாக அப்பியிருந்தால் அந்த ஷாக்கின் ஆயுள் முடிந்தது.

இப்படிப்பட்ட வண்டியில் புது ஏடி டயர் மாட்டினால், அந்தப் புது டயரும் சில மாதத்தில் அதே மாதிரி பல் பல்லாகத் தேயும். அப்புறம் "இந்த பிராண்டு சரியில்லை" என்ற பேச்சு வரும். டயர்மேல் தவறே இருக்காது.

ஷாக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஷாக் மேல் மவுண்ட். எல்லாம் ரப்பர் சமாச்சாரம். நம் ஊர் வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால் பெரும்பாலும் லிங்க் ராடோ புஷ்ஷோதான். இவற்றின் விலை ஒரு புது டயரின் விலையோடு ஒப்பிட்டால் சிறியது. கிடைக்கும் மாற்றம் பெரியது.

பொலேரோ வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி அது. பட்டைகளுக்கு இடையே தூசியும் துருவும் ஏறி ஒட்டிக்கொண்டால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது. அப்போது ஸ்பிரிங் வெறும் இரும்புக் கட்டைபோல் ஆகிவிடும். பட்டையைப் பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்த புஷ்களையும் பட்டை நடுவே வரும் பேடுகளையும் மாற்றிவிட்டுப் பாருங்கள். காலியாக ஓட்டும்போது கொஞ்சம் துள்ளல் அப்போதும் இருக்கும். பாரம் சுமக்கச் செய்த வண்டி அது, அதைக் குறை சொல்ல முடியாது.

இந்த வழியின் மறைமுகச் செலவு ஒன்றுதான். மண்பாதைக்கு ஹைவே டயரின் சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், மெல்லியது. கருங்கல் விளிம்பில் உரசிக் கிழிந்தால் பஞ்சர் திரி வைத்து அடைக்க முடியாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். மண்பாதைக்கு எப்போதாவது போகிறவர் மெதுவாகப் போனாலே இந்த ஆபத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

## வழி 2: கம்பெனி அளவிலேயே மிதமான ஏடி டயர்

வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது தோப்புக்கோ குவாரிக்கோ மலைக் குக்கிராமத்துக்கோ போகிறீர்களா? அங்கே சுகாதாரப் பணிக்கோ பள்ளிக்கோ போகும் வேலையா? அப்படியானால் இந்த வழியைத் தயங்காமல் எடுக்கலாம்.

மிதமான ஏடி என்று சொல்வது யோகோஹாமா ஜியோலேண்டர் ஏடி, அப்போலோ ஆப்டெரா ஏடி2, சியட் கிராஸ்டிரைவ் ஏடி, எம்ஆர்எஃப் வாண்டரர் வரிசையின் ஏடி போன்றவற்றை. இவற்றின் நடுப்பட்டன்கள் நெருக்கமாகவும், ஓரப் பட்டன்கள் சற்று இடைவெளி விட்டும் இருக்கும். அதனால் தார்ச்சாலைச் சத்தம் ஓரளவு கட்டுக்குள் இருக்கும். பெரும்பாலான எஸ்யூவி அளவுகளில் இவை கார் டயர்க் கட்டமைப்பிலேயே கிடைக்கும். எடை அதிகம் ஏறாது, கதவு ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தமே ஏறக்குறைய பொருந்தும். குலுக்கல் கூடுவது கொஞ்சம்தான். ஷாக் நன்றாக இருக்கும் வண்டியில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

மழை விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் ஏடியின் அகலமான இடைவெளிகள் நீரை நன்றாக வெளியே தள்ளும், அங்கே அது கெட்டிக்காரன். ஆனால் மெல்லிய ஈரப்படலம் படிந்த வழவழப்பான நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கும்போது, நல்ல ஹைவே டயரைவிட நிற்கும் தூரம் பொதுவாகக் கூடும். தரையைத் தொடும் ரப்பர் குறைவு, பட்டனில் உள்ள நுண்கீறல்களும் குறைவு என்பதே காரணம். ஏடி போட்டவர்கள் மழைநாளில் முன் வண்டிக்கும் தங்களுக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொள்வது அவசியம்.

மறைமுகச் செலவுகள் இங்கே கூடுதல். முதலாவது ஸ்டெப்னி. நான்கை மட்டும் மாற்றிவிட்டு ஸ்டெப்னியில் பழைய ஹைவே டயரை வைத்திருப்பவர்கள் அதிகம். மலைமேல் ஒரு டயர் கிழிந்து அந்த ஸ்டெப்னியை மாட்டினால், ஒரே அச்சில் வேறு உயரம், வேறு பிடிப்பு உள்ள இரண்டு டயர்கள். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் இப்படி மாட்டி, தார்ச்சாலையில் ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலையில்) ஓட்டினால், முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். அதனால் ஐந்தாகவே வாங்கிவிட்டு, 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஐந்தையும் சுழற்றி மாட்டுவதே நல்லது. ஏடி டயரைச் சுழற்றாமல் விட்டால் ஓரப் பட்டன்கள் கோணலாகத் தேய்ந்து, ஒரு வருடத்தில் பஸ்போல இரைய ஆரம்பிக்கும்.

இரண்டாவது, சரக்குக் கிடைப்பது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் டிசைன், உங்கள் அளவில், வேலூர்க் கடைகளிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு டயர் கிழிந்துவிட்டு மாற்று டயர் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வர வேண்டும் என்றால் அதுவரை வண்டி நிற்கும். அரக்கோணம் அருகே இச்சிபுத்தூரில் எம்ஆர்எஃப் ஆலை இருப்பதால் நம் பக்கத்தில் டயர் மலிவாகக் கிடைக்கும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். விலை அப்படி நிர்ணயமாவதில்லை. பக்கத்து ஊர்க் கடைகளில் விலை விசாரித்துப் பேரம் பேசுவதுதான் பலன் தரும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருப்பதால், பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேசுகிறவரிடம் அதையும் நினைவுபடுத்துங்கள்.

## வழி 3: முரட்டு எல்டி டயர், ஒரு சைஸ் பெரிதாக

புகைப்படத்தில் மனதைப் பறிப்பது இந்த வழி. பிஎஃப்குட்ரிச் கேஓ2 போன்ற டயர்கள் உண்மையிலேயே அருமையான சாதனங்கள். கூர்க்கற்கள் நிறைந்த தடத்தில், காற்றைப் பாதியளவு இறக்கி ஓட்டும்போது அவற்றின் சைடுவால் தாங்குவதை வேறெதுவும் தாங்காது. கேள்வி, அந்த வேலை உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான்.

எல்டி என்றால் லைட் டிரக், அதாவது சிறிய லாரிக்கான கட்டமைப்பு. உள்ளே அடுக்குகள் அதிகம். ஒரு டயருக்கு நான்கைந்து கிலோ எடை கூடுவது சாதாரணம். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை கூடினால் ஷாக்குக்கு வேலை கூடும். ஒவ்வொரு குழியிலும் கனமான சக்கரம் மேலே எழும்பி, கீழே வந்து, அடங்குவதற்குள் அடுத்த குழி வந்துவிடும். போதாததற்கு, அதே பாரத்தைச் சுமக்க எல்டி டயருக்குக் கார் டயரைவிடச் சில பிஎஸ்ஐ கூடுதல் காற்று வேண்டும். கெட்டியான சைடுவால், கூடுதல் காற்று, கூடுதல் எடை மூன்றும் சேர்ந்தால் காட்பாடித் தெருவில் வீட்டாரை உட்கார வைத்து ஓட்டுவது இம்சை.

சைஸ் ஏற்றுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 235/65 ஆர்17 டயரின் (அகலம் 235 மில்லிமீட்டர், சைடுவால் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 17 இஞ்ச்) மொத்த உயரம் சுமார் 737 மில்லிமீட்டர். 245/65 ஆர்17 போட்டால் 750, இது 1.8 சதவீதம் கூடுதல். 255/65 ஆர்17 போட்டால் 763, அதாவது 3.5 சதவீதம் கூடுதல். 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது துறையில் எல்லோரும் கடைப்பிடிக்கும் எல்லை. தாண்டினால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103க்கு மேல் ஓடும். கிலோமீட்டர் குறைவாகப் பதிவாகும். முழுதாக ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் உள் மட்கார்டில் உரசலாம். கியர் எடுப்பு மந்தமாகும், டீசல் கூடக் குடிக்கும்.

உயரத்துக்காக லிஃப்ட் கிட் போடுவது வேறு ஒரு வம்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போதுதான் இதன் வலி தெரியும். முன்சக்கர ஆக்சிலின் கோணம் மாறி ஜாயின்ட்கள் சீக்கிரம் தேய்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மட் டெரைன் டயர் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. சேறே வேலை என்று இருப்பவருக்கு மட்டும் அது. நெடுஞ்சாலையில் தினம் ஓட்டுகிறவர் அதைத் தொடவே வேண்டாம்.

## வழி 4: ரிம்மை ஓர் இஞ்ச் இறக்குவது

அதிகம் பேசப்படாத வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். சொகுசும் உறுதியும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கூடும் வழி இது.

டாப் மாடல் வாங்கும்போது பெரிய ரிம் வருகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரிம் பெரிதானால் அதே உயர டயரில் ரப்பர் குறையும். ஸ்கார்பியோ என் எடுத்துக்கொள்ளுங்கள். 18 இஞ்ச் ரிம்மில் வரும் 255/60 டயரின் சைடுவால் உயரம் 153 மில்லிமீட்டர். 17 இஞ்ச் ரிம்மில் 255/65 போட்டால் சைடுவால் 166. மொத்த உயரம் இரண்டுக்கும் ஒரே 763தான், அதனால் மீட்டரில் வித்தியாசமே வராது. கூடுதலாகக் கிடைக்கும் அந்த 13 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் குழியின் அடியை முதலில் வாங்கிக்கொள்ளும். ரிம் வளையும் வாய்ப்பும் குறையும். தோண்டி மூடிய தெருக்களில் ரிம் வளைந்து பேலன்சிங் கடைக்கு அலைகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

கவனிக்க வேண்டியது, சிறிய ரிம் பிரேக் காலிப்பரை இடிக்காமல் பொருந்துமா என்பது. அதே மாடலின் கீழ் வேரியன்ட்டில் கம்பெனியே தரும் ரிம்மையும் அளவையும் எடுப்பதே பாதுகாப்பு. இதே ஸ்கார்பியோ என் வண்டியின் கீழ் வேரியன்ட்களில் 245/65 ஆர்17 வருகிறது. சைடுவால் 159, மொத்த உயரம் 750. சொகுசு கொஞ்சம் குறைவாகத்தான் கூடும், ஆனால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்க இடம் குறைவு. நான் இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

செலவு: ஐந்து ரிம் வாங்க வேண்டும். பழைய 18 இஞ்ச் அலாய்களை விற்றால் ஒரு பகுதி திரும்பி வரும். டயர் தேய்ந்து எப்படியும் மாற்ற வேண்டிய நேரத்தில் செய்தால்தான் கணக்குக் கட்டுப்படியாகும். நன்றாக இருக்கும் டயரைக் கழற்றிவிட்டு இதைச் செய்வது வீண்.

## வழி 5: ஷாக்கையே உயர்த்துவது

கம்பெனி ஷாக் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும் என்ற நிலையில் இந்தக் கேள்வி வரும்: கம்பெனிப் பொருளா, வெளிச்சந்தை பிராண்டா?

சொகுசு மட்டும் வேண்டுமென்றால் கம்பெனி ஷாக், அல்லது அதற்கு நிகரான ட்வின் ட்யூப் (இரட்டைக் குழாய்) கேஸ் ஷாக் போதும். பில்ஸ்டைன் பி6 போன்ற மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) வகை வேகத்தில் வண்டியைக் கட்டிப்போட்டதுபோல் வைத்திருக்கும், நீண்ட மண்பாதையிலும் சூடேறித் தளராது. ஆனால் ஊருக்குள் 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் சின்னச் சின்னக் குழிகளில் அது கெட்டியாகத் தெரியும். நெடுஞ்சாலையில் வண்டி ஆடுகிறது என்பவருக்கு மோனோட்யூப் மருந்து. தெருவில் குலுக்குகிறது என்பவருக்கு அது உபத்திரவம். எந்த வேகத்தில், எந்தச் சாலையில் தொந்தரவு என்று மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொல்லுங்கள். "குலுக்குது" என்று மட்டும் சொன்னால் அவர் கையில் இருக்கும் பொருளைத்தான் மாட்டுவார்.

எக்ஸ்யூவி700, ஸ்கார்பியோ என் போன்ற வண்டிகளின் பல வேரியன்ட்களில், அதிர்வின் வேகத்துக்கேற்பத் தன்னை இளக்கிக்கொள்ளும் ஷாக் கம்பெனியிலேயே வருகிறது. அதைக் கழற்றிவிட்டு மலிவான சாதா ஷாக் போட்டால் சொகுசில் ஒரு படி கீழே இறங்குவீர்கள்.

ஹெவி டியூட்டி ஸ்பிரிங் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது எப்போதும் பாரம் ஏற்றி ஓடும் வண்டிக்கு. தனியாளாக அலுவலகம் போய்வரும் வண்டியில் போட்டால் துள்ளல்தான் கூடும்.

## ஒரே பார்வையில்

| | ஹைவே டயர் + கீழ்வேலை | மிதமான ஏடி | எல்டி முரட்டு ஏடி | ரிம் இறக்கம் | ஷாக் மாற்றம் |
|---|---|---|---|---|---|
| ஊருக்குள் குலுக்கல் | நன்றாகக் குறையும் | லேசாகக் கூடும் | மிகவும் கூடும் | குறையும் | வகையைப் பொறுத்தது |
| ஈரச் சாலையில் பிரேக் | மேல் | சற்றுக் குறைவு | குறைவு | டயரைப் பொறுத்தது | ஷாக் பழுதாக இருந்திருந்தால் மேம்படும் |
| கல், மண் தாங்கும் உறுதி | குறைவு | நல்லது | மிக நல்லது | ஓரளவு கூடும் | டயரைப் பொறுத்தது |
| சத்தம் | குறைவு | தேயத் தேயக் கூடும் | அதிகம் | குறைவு | மாறாது |
| மைலேஜ் | மாறாது | கொஞ்சம் குறையும் | நன்றாகக் குறையும் | ஏறக்குறைய மாறாது | மாறாது |
| மறைந்திருக்கும் செலவு | மண்பாதையில் சைடுவால் கிழிவது | ஐந்தாவது டயர், சுழற்றி மாட்டுதல் | டீசல், இன்சூரன்ஸ் சிக்கல், கீழ்பாகத் தேய்மானம் | ஐந்து ரிம் | அலைன்மென்ட், மவுண்ட் |

## எந்த நிலையில் எது

வேலூரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ அடிக்கடி போய்வருகிறவர், பின்சீட்டில் வயதானவர்களை சிஎம்சி மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர் முதல் வழியைத் தாண்ட வேண்டியதில்லை. டயர் தேய்ந்திருந்தால் நல்ல ஹைவே டயரையே மீண்டும் போடுங்கள். 18 இஞ்ச் ரிம் வைத்திருப்பவராக இருந்தால் நான்காவது வழியையும் சேர்த்து யோசியுங்கள்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர், அணைக்கட்டு மலைக் கிராமங்களில் வேலை பார்ப்பவர் இரண்டாவது வழியை எடுக்கலாம். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ஷாக், புஷ், அதன் பிறகு ஏடி. பணம் ஒரே நேரத்தில் புரளவில்லை என்றால் கீழ்வேலையை இப்போது முடித்துவிட்டு, இருக்கும் டயரை இன்னும் சில மாதம் ஓட்டுங்கள். பட்டன் இடைவெளியில் உள்ள தேய்மானக் கட்டை, அதாவது 1.6 மில்லிமீட்டர் அளவு, மட்டத்துக்கு வந்துவிட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

மூன்றாவது வழி யாருக்கு? வண்டியை மண்தடத்துக்கென்றே தனியாக வைத்திருந்து, வீட்டுக்கு வேறு கார் உள்ளவருக்கு. அவரும் கம்பெனி தந்த அளவுகளுக்குள் இருக்கும் எல்டியைத் தேடுவது நல்லது.

க்ரெட்டா போன்ற சிறிய எஸ்யூவிகளுக்கு ஏடி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: முன்சக்கரம் மட்டுமே இழுக்கும் வண்டியில் ஏடி போடுவதால் தோப்புப் பாதையில் கொஞ்சம் தைரியம் கிடைக்கும், அவ்வளவுதான். அதன் சஸ்பென்ஷன் லேசான டயருக்கென்று அமைத்தது. மிதமான ஏடியைத் தாண்டிப் போகாதீர்கள்.

## கடையில் நிற்கும்போது

டயரை மாட்டச் சொல்லும் முன் சைடுவாலில் நான்கு எண் உள்ள தேதிக் குறியைத் தேடுங்கள். 2325 என்று இருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. வேகமாக விற்காத ஏடி அளவுகள் கடையில் நீண்ட நாள் கிடப்பதுண்டு, ஐந்திலும் தேதியைப் பாருங்கள். அதே இடத்தில் சைஸுக்குப் பக்கத்தில் லோடு இண்டெக்ஸ் இருக்கும். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ சுமக்கும், 108 என்றால் 1,000 கிலோ. கம்பெனி டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்க வேண்டாம். கூடவே வரும் எழுத்து வேகத்துக்கானது: எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், டி என்றால் 190, எச் என்றால் 210.

சில ஏடி டயர்களில் மலைச்சிகரமும் பனிச்செதிலும் கொண்ட சின்னம் இருக்கும். கடும் பனிச்சாலைச் சோதனையில் தேறியது என்பதற்கான முத்திரை அது. வேலூரில் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. நமக்கு வேண்டியது வெப்பம் தாங்குவது. கார் டயர்களில் டெம்பரேச்சர் என்று எழுதி ஏ, பி, சி எனத் தரம் போட்டிருந்தால் ஏ பார்த்து வாங்குங்கள்.

மாட்டி முடித்ததும் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் அன்றே செய்யச் சொல்லுங்கள். கடைக்காரர் காற்றை எவ்வளவு வைத்தார் என்று மறக்காமல் கேளுங்கள். டயரை ரிம்மில் உட்கார வைக்க அதிகக் காற்று அடித்துவிட்டு, அப்படியே வண்டியை அனுப்பிவிடும் கடைகள் உண்டு. மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன், ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரிலும் உங்கள் மீட்டரை வைத்து அளந்து, கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் கொண்டு வாருங்கள். எல்டி வாங்கியிருந்தால் மட்டும் ஸ்டிக்கர் எண் பொருந்தாது. அந்த டயர்க் கம்பெனியின் பாரம், காற்று அட்டவணையைக் கடையில் கேட்டு, உங்கள் வண்டி எடைக்குரிய அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.